சுங்கை ரோட்டில் வாங்கிய குரல்

அத்தியாயம் பதினேழு

சொன்ன நேரத்துக்கு வந்து ஷாரனுக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, தேக்கா சந்தையில் அம்மா வருவதற்கு முன்பே வந்து, மீன்கடை ஓரமாகக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். மகளை அப்படிப் பார்த்ததுமே மதலேனா நடையை எட்டிப்போட்டாள்.

"என்னடி? கீத்துக்கு ஏதாச்சுமா?"

"தம்பி நல்லாத்தான் இருக்கான். வாங்கம்மா, எங்கயாச்சும் உக்காந்து பேசலாம்."

"தெங்கிரி வாங்கிட்டு வந்துடறேன் இரு. டாடி கேட்டாங்க."

"மீன் எங்கயும் ஓடிடாது லா. வாங்க."

போன வாரம் ஷாரனை நாம் எங்கே விட்டோம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. அப்பாவின் ஆய்வு உதவியாளர் ஆயிஷா அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டி எதையோ கேட்கவைத்தாள். ஷாரன் பாதியிலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டாள். அப்படி என்னதான் கேட்டாள் என்று வாசகிகள் பலர் வரிந்து கட்டிக்கொண்டு விசாரித்திருக்கிறீர்கள். அவளுடைய அம்மாவுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு முதலில் சொல்வது முறையில்லை என்றுதான் ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மதலேனாவின் கணவர், பேராசிரியர் சவரிராஜின் பிரியாவிடைச் சொற்பொழிவு. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். இலக்கியம் கண்ணுக்கு இல்லை, காதுக்கு என்பது அவர் கட்சி. மெழுகு உருளையில் பதிந்த பழைய கவிஞர்களின் கரகரப்பு, கிராமஃபோன் தட்டில் தேய்ந்துபோன ஒரு நாவலாசிரியரின் இருமல், கேசட்டில் சிக்கிய மூச்சு, இப்படி ஒலிப்பதிவில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பாடம் நடத்தினார், புத்தகம் எழுதினார், ஊர் ஊராக விமானம் ஏறினார். சிங்கப்பூரின் காது என்று ஒரு பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது. அந்தக் காது வீட்டில் எப்படி வேலை செய்யும் என்று மதலேனாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

இத்தனை புகழுக்கும் முதல் ஒரே ஒரு கேசட்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுக் கவிஞர் ஒருவர் சிங்கப்பூருக்கு வந்து கவிதை படித்தார். அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த சவரிராஜ் அதைக் கேசட்டில் பதிந்தார். மறுவருஷமே கவிஞர் போய்ச் சேர்ந்துவிட, அவர் கடைசியாகப் படித்தது அந்த நாடாவில் மட்டும் மிஞ்சியது. சில வருஷம் கழித்து ஹெட்ஃபோன் போட்டு அதைக் கேட்ட சவரிராஜ், கவிஞரின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் கிடப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு பெண் தமிழில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே யாரோ பதிந்திருந்த நாடாவின் மேல் கவிஞரைப் பதிந்திருக்கிறார். பழையது சரியாக அழியவில்லை.

கேசட் ஜாலான் புசார் பக்கத்து சுங்கை ரோட்டில், தரையில் பாய் விரித்துப் பழைய சாமான் விற்ற சந்தையில் வாங்கியது என்று அவர் எழுதினார். யாரோ ஏழைத் தமிழ்ப் பெண், அநேகமாக வீட்டு வேலைக்காரி, எழுதத் தெரியாததால் ஊருக்குச் சேதியைக் கேசட்டில் பேசி அனுப்பப் பார்த்திருக்கிறாள், பிறகு அதையும் விற்றுத் தின்றிருக்கிறாள், அவள் பேச்சின் மேல் ஒரு பெரிய மனிதரின் பேச்சு ஏறி உட்கார்ந்துகொண்டது, உலகமே இப்படித்தான் நடக்கிறது என்றார். கட்டுரை புத்தகமாயிற்று. புத்தகம் அவரைப் பேராசிரியராக்கியது. அன்றிலிருந்து அந்த ஒரே தேங்காயைத்தான் துருவிக்கொண்டிருந்தார்; துருவத் துருவ வந்துகொண்டேயிருந்தது.

சந்தையை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேஜை கிடைத்தது. ஷாரன் இரண்டு கோப்பை தே தாரிக் வாங்கிவந்து வைத்தாள்.

"ஆயிஷா ஒரு சாஃப்ட்வேர் வச்சு ரெண்டு வாய்ஸையும் பிரிச்சிட்டா. ஈவ்னிங் லெக்சர்ல ஃபர்ஸ்ட் டைம் அந்த லேடி வாய்ஸ தனியா போடப் போறாங்க. நீங்க அத அங்க கூட்டத்துல வச்சுக் கேக்கக் கூடாதுன்னுதான் வரச் சொன்னேன்."

"நான் கேட்டா என்ன?"

ஷாரன் இயர்ஃபோனை அம்மாவின் காதில் வைத்து, ஃபோனைத் தட்டினாள்.

ஓர் இளம்பெண் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். 'கதவைத் தாழிடாமல் தூங்கப் பழகிக்கொண்டாள் அவள். மழை அடித்தால் பாதி அறை நனையும். நனையட்டும் என்றிருந்தாள்.' நன்றாகப் படிக்கிறாளே என்றுதான் மதலேனா முதலில் நினைத்தாள். அடுத்த வரி காதுக்கு வருவதற்கு முன்பே அவள் உதட்டுக்கு வந்துவிட்டது. அதற்கடுத்த வரியும் வந்தது. தேநீரைத் தள்ளி வைத்தாள்.

அது மேற்படி வேலைக்காரியின் சேதி இல்லை. ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் ஓர் அத்தியாயம். படித்தது மதலேனா.

கீத் கைக்குழந்தையாக இருந்த காலம் அது. லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசையில் அவள் வாசகம் படித்ததைக் கேட்டுவிட்டு, வானொலித் தயாரிப்பாளர் ஒருவர் கோயில் வாசலிலேயே அவளை நிறுத்தினார். கதை படிக்க ஆள் தேடுகிறோம், ஏதாவது படித்து ஒரு கேசட் கொடுங்கள் என்றார். மதலேனா நல்ல கேசட்டாக வாங்கி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து வழிய வழியப் படித்தாள். கொடுக்க வேண்டிய நாளன்று கேசட்டைக் காணோம். கட்டிலைப் புரட்டினாள், அலமாரியைக் கவிழ்த்தாள், குழந்தையின் துணி மூட்டையைக்கூட உதறிப் பார்த்தாள். "நீ எதைத்தான் தொலைக்கவில்லை?" என்றார் சவரிராஜ். வேறொருத்திக்கு அந்த வேலை போயிற்று. பல வருஷம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்த வேறொருத்தி கதை படிப்பதை மதலேனா கேட்டாள்.

வேலை போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் தொலைப்பவள் ஆனாள். விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சவரிராஜ் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பிள்ளைகளும் கேட்டுக் கேட்டு வளர்ந்தார்கள். பாஸ்போர்ட்டை அம்மாவிடம் கொடுக்காதே, சாவியை அம்மாவிடம் கொடுக்காதே. இதோ எதிரில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாளே ஷாரன், இவள் கல்யாணத்தில் மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு மாப்பிள்ளையின் அத்தைக்குப் போனது. மதலேனாவும் சிரித்துக்கொண்டேதான் அதற்குச் சம்மதித்தாள். அவளே அதை நம்பிவிட்டிருந்தாள்.

"அம்மா, ஏதாச்சும் சொல்லுங்க."

"டாடிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா. நிஜமாவே சுங்கை ரோட்ல வாங்கினதாத்தான் நெனச்சிட்டிருக்காங்க போல. உங்க வாய்ஸ்னு தெரிஞ்சா எழுதியிருப்பாங்களா?" ஷாரன் அம்மாவின் கையைப் பிடித்தாள். "இன்னிக்கு மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க, ப்ளீஸ். யூனிவர்சிட்டில அவங்க பேர்ல ஆர்க்கைவ் திறக்கறாங்க. லைஃப் டைம்ல ஒரு நாள். நாளைக்குப் பேசிக்கலாம் லா."

மதலேனா மகளைப் பார்த்தாள். இதைச் சொல்லத்தான் பெண்ணுக்கு அவசரம். அம்மா அவமானப்படக் கூடாது என்பது பாதி. அப்பா அவமானப்படக் கூடாது என்பது மீதி.

தெரிந்திருக்காது என்று நம்ப ஒரு வழி இருந்தது. கல்யாணமான புதிதிலேயே சவரிராஜ் ஒரு சட்டம் போட்டார்: வீட்டுக்குள் ஆங்கிலம்தான். பிள்ளைகள் உருப்பட வேண்டுமாம். மதலேனாவின் தமிழ் மீன்காரனுக்கும் ஆண்டவனுக்கும் என்று ஒதுங்கிப்போயிற்று. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, அவர் இல்லாத நேரத்தில் அவர்களோடும் கொஞ்சம். பூசைக்கும் அவர் காத்தோங்கில் ஆங்கிலப் பூசைக்குப் போவார், அவள் பஸ் பிடித்துத் தமிழ்ப் பூசைக்குப் போவாள். அவள் தமிழ் படித்து அவர் கேட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கேட்காத குரலை எப்படி அடையாளம் தெரியும்?

தெரியவில்லை என்றால், கூடப் படுத்து எழுந்தவளின் குரல்கூடத் தெரியாத மனிதரோடு அவள் காலம் தள்ளியிருக்கிறாள். தெரிந்திருந்தால், அவர் பொய் சொல்லி அவளைக் கவனக்கேடு பிடித்தவளாக்கி, அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இரண்டில் ஒன்று. முதலாவதாக இருக்கட்டும் மாதாவே என்று மதலேனா மனசுக்குள் கெஞ்சினாள். எதற்கெல்லாம் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

தெங்கிரி வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

காத்தோங் வீட்டில் சவரிராஜ் ஹெட்ஃபோனும் கையுமாகத் தன் அறையில் இருந்தார். மதலேனா கூடத்தில் அவருடைய சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே, கோயிலில் படிக்கும் குரலில், 'கதவைத் தாழிடாமல் தூங்கப் பழகிக்கொண்டாள் அவள்' என்று தொடங்கினாள். கேட்கட்டும். கேட்டுவிட்டு ஓடி வந்து, லேனா, அது நீயா என்று தலையில் அடித்துக்கொள்ளட்டும். அப்படி மட்டும் நடந்தால் எல்லாவற்றையும் மன்னித்துவிடத் தயாராக இருந்தாள், பைத்தியக்காரி.

ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு அவர் அறை வாசலுக்கு வந்தார். இனி இவர்கள் பேசுவது ஆங்கிலம். நம் வசதிக்குத் தமிழில் எழுதுகிறேன்.

"லேனா, கொஞ்சம் சத்தத்தைக் குறை. நான் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

"யாரை?"

"என் சுங்கை ரோட்டுக்காரியை." சிரித்தார். "கார் நிறுத்தும் அட்டை எங்கே? வேண்டாம், நீ எடுக்காதே, தொலைத்துவிடுவாய். நானே எடுத்துக்கொள்கிறேன்."

கதவைச் சாத்திக்கொண்டார். அவர் முகத்தில் ஏதாவது ஓடியதா என்று மதலேனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் ஓடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே காலரை இரண்டு தடவை தேய்த்தாள்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மதலேனாவும் ஷாரனும். துறைத்தலைவர் பிரபாகர் மாலை மரியாதை இல்லாத குறையாகப் புகழ்ந்து தள்ளிவிட்டு இறங்க, சவரிராஜ் மேடை ஏறினார்.

"என் மனைவி லேனாவுக்கு நன்றி சொல்ல வேண்டும்," என்று தொடங்கினார். "எங்கள் வீட்டில் அவள் தொலைக்காத ஒரே பொருள் நான்தான்."

அரங்கமே சிரித்தது. பக்கத்து வரிசை அம்மாள் ஒருத்தி மதலேனாவின் தோளைச் செல்லமாகத் தட்டினாள். ஷாரன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அவர் பேச்சு என்றைக்கும் நன்றாகத்தான் இருக்கும். கடைசியில் விளக்கைத் தணிக்கச் சொன்னார். திரையில் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓட, சுற்றிலும் இருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து அந்தப் பெண் படித்தாள். வேர்த்து வழிந்த அந்தப் பிற்பகல் மதலேனாவின் உடம்பில் அப்படியே ஏறியது. இருபத்தெட்டு வயசில் எவ்வளவு தைரியமாகப் படித்திருக்கிறாள். எந்த இடத்திலும் தடுக்கவில்லை. வேலையைக் கொடுத்திருப்பார்கள், நிச்சயம் கொடுத்திருப்பார்கள். இது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரியாமலே செத்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

"கவனியுங்கள்," என்றார் சவரிராஜ், தாழ்ந்த குரலில். "தன் கதையைச் சொல்லும்போதும் அவள் 'நான்' என்று சொல்லவில்லை. 'அவள்' என்கிறாள். ஏழைகளின் கூச்சம் அது. தன் துயரத்தைக்கூடத் தனது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருவதில்லை."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தொடர்கதைக்கு இவ்வளவு மரியாதை எங்கேயும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

"யாரும் காது கொடுக்காத ஒரு பெண்ணுக்கு, என் ஆயுளில் பாதிக்கு மேல் நான் காது கொடுத்திருக்கிறேன். அதுதான் என் வேலை. அது மட்டும்தான் என் வேலை."

எழுந்து நின்று கைதட்டினார்கள். மதலேனாவும் எழுந்து நின்றாள்; எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருக்க முடியாது.

மேடைக்குப் பின்னால் பேச்சாளருக்கென்று ஒரு சிறிய அறை. தேநீர் விருந்துக்குப் போகும் முன் சவரிராஜ் அங்கே முகம் துடைத்துக்கொண்டிருந்தார். ஷாரன் தடுக்கத் தடுக்க மதலேனா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அந்தப் பெண் நான், ராஜ்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். என்ன உளறுகிறாய் என்று கேட்கவில்லை. எந்தப் பெண் என்றும் கேட்கவில்லை. அந்த நொடியிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"ஷாரன் சொன்னாளா?"

"எப்போதிலிருந்து தெரியும்?"

"முதல் தடவை கேட்டதிலிருந்து. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை." மாணவனுக்குப் பதில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "என்னை என்னவென்று நினைத்தாய்? காது என் தொழில்."

"கேசட்டை எடுத்தது நீங்கள்."

"அன்றைக்கு அவசரமாக ஒன்று தேவைப்பட்டது. மேஜையில் கிடந்தது. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை."

"நான் தொலைத்தேன் என்று சொன்னீர்கள்."

"அந்த வாரம் எனக்கே நினைவில்லை, லேனா. நினைவு வந்தபோது நீயே ஒத்துக்கொண்டிருந்தாய்."

உண்மைதான். அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லி அழுதிருந்தாள், ஆண்டவர் கொடுத்த வாய்ப்பைக் கவனமில்லாமல் தொலைத்துவிட்டேன் என்று.

"வேலைக்காரி என்று எழுதினீர்கள்."

"விரிவுரையாளர் மனைவி என்று எழுதியிருந்தால் யார் அழுவார்கள்? பெயர் தெரியாத பெண் என்றால் அது ஆய்வு. என் மனைவியின் கேசட்டை நான் தவறுதலாக அழித்தேன் என்றால் அது வீட்டுச் சண்டை. வீட்டுச் சண்டைக்கு யாரும் பேராசிரியர் பதவி கொடுப்பதில்லை. அந்தப் பதவியில்தான் நீயும் சாப்பிட்டாய்."

அவள் முகத்தைப் பார்த்து அவர் இளகினார். இளகியதுதான் கொடுமை.

"யோசித்துப் பார். வானொலியில் படித்திருந்தால் அன்றைக்கே காற்றோடு போயிருக்கும். நான்தான் உன் குரலைக் காப்பாற்றி வைத்தேன். உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். அந்தக் குரல் இப்போது உன்னிடமே இல்லை, லேனா. அறுபது தாண்டிவிட்டாய். அவள் பக்கத்தில் உன்னை நிறுத்திப் பேச வைத்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் இதை இத்துடன் விட்டுவிடுவோம்."

டை கோணியிருந்தது. சரிசெய்யச் சொல்லி வழக்கம்போலக் கழுத்தை நீட்டினார். மதலேனா சரிசெய்தாள். அவர் மேல் அவளுக்கு வெறுப்பு வந்திருந்தது. முழுசாக, வெட்கமே இல்லாமல் வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவர் மிச்சம் வைத்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

வெளியே தேநீர் விருந்தில் பிரபாகரும் நாலைந்து விருந்தினர்களும் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஆயிஷா தட்டில் கறிபஃப்பை வைத்துக்கொண்டு, சாப்பிட மறந்து, ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெலிந்த பெண், ஆறு மாதமாகப் பகல் முழுக்க அந்த ஒரே குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, இரைச்சலை இழை இழையாக உருவி எடுத்தவள். அவளுடைய முனைவர் ஆய்வேடு சவரிராஜின் மேஜையில் அவர் ஒப்புதலுக்காகக் கிடந்தது.

"ப்ரொஃப், தமிழ் ரேடியோவிலிருந்து மெசேஜ்," என்றாள் ஆங்கிலத்தில். "நாளைக் காலை நிகழ்ச்சியில் அந்தப் பதிவை ஒலிபரப்பி, இந்தக் குரல் யாருடையது என்று நேயர்களிடம் கேட்கலாமா என்கிறார்கள். சரி என்று சொல்லட்டுமா?"

சவரிராஜ் யோசிக்கவில்லை. பிரபாகர் கேட்டுக்கொண்டிருந்தார், விருந்தினர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தாராளமாக. இத்தனை வருஷம் யாரும் உரிமை கொண்டாடி வரவில்லை. இனிமேல் யார் வரப்போகிறார்கள்?" சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றது அந்தப் பார்வை.

மதலேனா கோப்பையைக் கீழே வைத்தாள். என்ன நடக்கப்போகிறது என்று ஷாரனுக்குப் புரிந்துவிட்டது. நெருங்கி வந்து அம்மாவின் முழங்கையைப் பற்றினாள்.

"அம்மா, வேணாம்," என்று கிசுகிசுத்தாள். "அந்தப் பொண்ணு பாவம்மா. டாடி அவள சும்மா விடமாட்டாங்க."

பாவம்தான். மதலேனாவுக்கும் அது தெரிந்தது. ஆயிஷாவைப் பார்த்ததிலிருந்தே அவளுக்குப் பிடிக்கும். விருந்துக்கு வந்தால் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகும் பெண். ஆனால் இந்தக் கூட்டத்தில், வீட்டாரை விட்டால், அந்தக் குரலைத் தெரிந்தவள் ஆயிஷா ஒருத்திதான். வேறு யாரிடம் போய்ச் சொன்னாலும் பேராசிரியர் ஒரு சிரிப்பில் தள்ளிவிடுவார். தன்மேல் யாரும் பாவம் பார்க்கவில்லை என்று மதலேனா நினைத்துக்கொண்டாள். நியாயமான நினைப்பு இல்லை. இருந்தாலும் நினைத்தாள்.

ஆயிஷாவோடு அவள் இதுவரை ஆங்கிலத்தில்தான் பேசியிருக்கிறாள். கணவர் இருக்கும் இடத்தில் அதுதானே சட்டம். இப்போது மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, கோயில் வாசக மேடையில் நிற்பது போல நிமிர்ந்து, தமிழில் சொன்னாள்.

"போடச் சொல்லும்மா. பாதியில நிறுத்தாம முழுசாப் போடச் சொல்லு. கதவைத் தாழிடாமல் தூங்கப் பழகிக்கொண்டவளை யாராவது ஒருத்தருக்காவது தெரியாமலா போகும்?"

ஆயிஷாவின் கையில் தட்டு சாய்ந்தது. கறிபஃப் தரையில் விழுந்ததை அவள் பார்க்கவில்லை. மதலேனாவின் வாயையே பார்த்தாள். பிறகு பேராசிரியரைப் பார்த்தாள். சவரிராஜின் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்தக் குரல் எங்கேயும் போய்விடவில்லை என்பது அவருக்கும் கேட்டுவிட்டது. காதுதான் அவர் தொழிலாயிற்றே.

"என்ன சொன்னார்கள் உங்கள் மனைவி?" என்று பிரபாகர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்குத் தமிழ் அவ்வளவு வராது.

"ஆன்ட்டி," என்றாள் ஆயிஷா. தமிழில்தான். "இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஆயிஷா," என்றார் சவரிராஜ், சத்தமே போடாமல். "திங்கட்கிழமை என் அறைக்கு வா. உன் ஆய்வேட்டைப் பற்றிப் பேச வேண்டும். இப்போது நீ போகலாம்."

அந்தப் பெண்ணின் கண்ணில் பயம் ஏறியது. போய்விடவா, நிற்கவா என்று மதலேனாவிடம் கெஞ்சியது அந்தக் கண். போம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்வாள். ஷாரனும் அதைத்தான் எதிர்பார்த்து அம்மாவின் கையை இறுக்கினாள்.

மதலேனா மகளின் கையை எடுத்துவிட்டாள். பிரபாகர் பக்கமும் விருந்தினர்கள் பக்கமும் திரும்பி, கடைசி மேஜைவரை கேட்கும்படி, அந்தக் கேசட்டுக் கதையை முதல் வரியிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.